பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு

மஸ்கட்டில் நான் வேலை செய்யும் நர்சரியில் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு காரியம் நடக்கும். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை. அப்பனோ அம்மாவோ பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். விட்டுவிட்டு நைசாக நழுவ மாட்டார்கள். பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்து, நான் போகிறேன், இன்ன நேரத்துக்கு வருவேன் என்று சொல்வார்கள். பிள்ளை ஓவென்று அழும். காலைக் கட்டிக்கொள்ளும். அந்தக் கையை மெல்லப் பிரித்து எங்களிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கை ஆட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு மணி தெரியுமா? அதனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அது பொம்மையைப் பார்க்கிற நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் காரியம் முடியும். கல் மனசுக்காரர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் அங்கே ஆயா. தரை துடைப்பேன், கால் கழுவி விடுவேன், சோறு ஊட்டுவேன். வந்த முதல் வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் மகளை விட்டுப் போக முடியாமல் வாசலில் தவித்துக்கொண்டு நின்றாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து நான் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீன் தொட்டிக்குப் போனேன். மீன் காட்டிக்கொண்டே தாய்க்குக் கையால் ஜாடை செய்தேன், போய்விடு என்று. அவள் போகவில்லை. நர்சரியை நடத்தும் இங்கிலீஷ்காரம்மா வந்தாள். பெரிய மிஸ் என்று கூப்பிடுவோம். என்னிடம், "நோ சீட்டிங், ஸ்டெல்லா" என்றாள். எங்கள் பக்கம் சீட்டிங் என்றால் ஊரை ஏமாற்றிச் சுருட்டுவது. என்னைத் திருடி என்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பையை எடுத்து வந்து மேஜைமேல் கொட்டினேன். ஜெபமாலை, டிபன் டப்பா, தலைவலி மாத்திரை, ஒரு கைக்குட்டை. பார்த்துக்கோ என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னோடு வேலை செய்யும் லில்லியைக் கூப்பிட்டாள். லில்லி கேரளாக்காரி. தமிழைத் தன் மாதிரி பேசுவாள். "எடி, நீ கள்ளின்னு மிஸ் சொல்லல்லா. கொச்சினை ஏமாத்தாதேன்னு பறயுது" என்றாள். கொச்சு என்றால் பிள்ளை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "அந்த டப்பாவை மூடு, மீன் குழம்பு மணக்குது" என்றாள்.

வேலை போய்விடும் என்பதால் சொன்னபடி செய்தேன். எட்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் விரலைத் தாய் தகப்பன் காலிலிருந்து பிரித்திருக்கிறேன். ஆனால் என் மகளுக்கும் இது பொருந்தும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இவர்கள் பிரிவது நாலு மணி நேரம், நாம் பிரிவது இரண்டு வருஷம். இரண்டும் ஒன்றா என்று இருந்துவிட்டேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்து இந்தப் பக்கம் வேலை செய்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அந்தப் பிள்ளைகளைத் தங்களிடம் வைத்து வளர்க்கிற அக்கா தங்கைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஒன்றில் நான் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் செட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர். முந்தின வருஷம் மஞ்சள் காமாலை வந்து இருபது நாளில் போய்விட்டார். அப்போது என் மகள் ரெஜினாவுக்கு நாலு வயசு. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அக்கா வீடு. ஒற்றை அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. அங்கே வந்து சேர்ந்தோம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. டி. நகர் ஜவுளிக்கடைகளிலிருந்து புடவைகளை எடுத்து வந்து ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். மாமாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. நான் மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்தேன். மாமியின் தம்பி மஸ்கட்டில் இருந்தார். அவர் மூலமாகத்தான் இந்த வேலை கிடைத்தது. ரெஜி என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள். நான் கக்கூசுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று பாடிக்கொண்டிருப்பாள். நடுவில் பாட்டை நிறுத்தி, "உள்ள கீறியாமா?" என்பாள். இருக்கேன் என்பேன். திரும்பப் பாடுவாள்.

எப்படி விட்டுவிட்டுப் போவது என்று கேட்டபோது சந்தில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "சொல்லிட்டுப் போனா கொயந்த ஏங்கிப்பூடும்டி. காய்ச்சல்ல படுத்துக்கும்" என்றாள் அக்கா. ஏங்கிப்போய் இளைத்த பிள்ளை, ஏங்கிப்போய்ப் பேச்சு நின்ற பிள்ளை என்று ஒவ்வொருத்தியும் ஒரு கதை வைத்திருந்தாள். அதனால் பிள்ளைக்குத் தெரியாமல் போவது என்று முடிவானது. அன்று காலை அக்கா புடவை மூட்டையை எடுத்துக்கொண்டு ரெஜியையும் டி. நகருக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். புது ஃப்ராக் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. குதித்துக்கொண்டு போனாள். சந்து முனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீர் பிடிக்கிறவள் மாதிரி அடிபம்பு பக்கம் குனிந்துகொண்டேன். என் பெட்டி பக்கத்து வீட்டில் இருந்தது. ஆட்டோ அடுத்த தெருவில் நின்றது. எல்லாம் சரியாக ஏற்பாடு செய்திருந்தோம். அக்கா பிறகு கடிதம் போட்டாள். ரெஜி வந்து வீட்டைப் பார்த்தாளாம், பின்பக்கம் போய்ப் பார்த்தாளாம், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தாளாம். பிறகு உட்கார்ந்துவிட்டாளாம். அழவே இல்லை, நல்ல பிள்ளை என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு வாங்கின ஊதா ஃப்ராக்கை மட்டும் போட மாட்டேன் என்கிறாள், அளவு சரியில்லை போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

இங்கே நர்சரிக்கு ஓர் ஓமானி தகப்பன் வருவார். வெள்ளை அங்கி, தலையில் பூப்போட்ட தொப்பி, ஆறடி ஆள். மகனை இறக்கிவிட்டுத் தரையில் முட்டி போடுவார். அங்கி அழுக்காகும், பார்க்க மாட்டார். விரலை நீட்டி, "பாத் இல் கதா, பாத் இல் கதா" என்று அழுத்தமாகச் சொல்வார். திட்டுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் பொறுக்காமல், பாவம் விடுங்கள், சின்னப் பிள்ளை என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டி என்னவோ சொன்னார். நான் அவரை வாழ்த்தினதாக எடுத்துக்கொண்டாராம், லில்லி சொன்னாள். அந்த வார்த்தைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று அர்த்தமாம். பையனுக்குக் கடிகாரம் தெரியாது, சாப்பாடு தெரியும். தினமும் சாப்பாட்டுத் தட்டை நான் கழுவப் போகும்போது அவர் வண்டி வாசலில் வந்து நிற்கும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஒரு மாதத்தில் பையன் அழுவதை நிறுத்திவிட்டான். இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. தொண்ணூற்று மூன்றில் போனபோது ரெஜிக்கு ஏழு வயசு. பத்து நாள் என்னிடம் வரவில்லை. பிறகு என் முந்தானையை விடவில்லை. இனிமேல் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். நாற்பதாம் நாள் கொட்டிவாக்கத்தில் மாமாவின் தங்கை வீட்டுக்குக் கடல் பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் சந்திலிருந்து நடந்தால் கடல். அப்போதும் நம்பிப் போனாள். தொண்ணூற்று ஐந்தில் ஒன்பது வயசு. அந்த லீவு முழுக்க வீட்டை விட்டு நகரவில்லை. கடைக்குப் போய் வா என்றால் வயிற்று வலி என்றாள். கடைசி ஞாயிறு கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேச வகுப்புக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பினோம். ஆட்டோ சந்தைத் தாண்டித் திரும்பும்போது டிரைவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு பொண்ணு ஓடியாருதும்மா. நிறுத்தவா?" என்றான்.

"போ நைனா" என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று தெரியும்.

தொண்ணூற்று ஏழில் அவளுக்குப் பதினொன்று. அந்தத் தடவை யாரும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நான் கிளம்ப வேண்டிய நாள் காலை அவளே தலை வாரிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "பெரிம்மா, டி. நகர் போவலாமா?" என்று கேட்டாள். அக்கா புடவை மூட்டையைக் கட்டப் போனாள். மாமாதான், "பாரு, கவர்னரம்மாவே பர்மிஷன் குடுத்துட்டாங்கோ" என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ரெஜி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மூட்டையில் பாதியைத் தான் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் நடந்தாள். சந்து முனையில் திரும்பவில்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று பம்படியில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் மனசு லேசாக இருந்தது. விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். இதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இந்த வருஷம் ஜனவரியில் அக்கா கடிதம் வேறு மாதிரி வர ஆரம்பித்தது. ரெஜி பள்ளிக்கூடம் போகவில்லை. தலை வாரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நான் பதில் எழுதினேன். பிறகு சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. அக்கா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், தர்காவில் கயிறு கட்டினாள். ஒரு நாள் கோபத்தில் அடித்தும்விட்டாள். அடி வாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தாளாம். நான் வெள்ளிக்கிழமைதோறும் மாமி வீட்டுக்குப் போன் செய்வேன். பக்கத்தில் போன் உள்ள வீடு எங்களுக்கு அது ஒன்றுதான். கச்சேரி ரோட்டில் நடந்து போனால் பதினைந்து நிமிஷம். அக்கா ரெஜியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து காத்திருப்பாள். ஜனவரியிலிருந்து அக்கா மட்டும் வந்தாள். "மகாராணி எய்ந்துக்க மாட்டாங்களாம். ஊட்ட உட்டு ஒரு அடி வெளிய வெக்க மாட்டாங்களாம்" என்பாள். அவளுக்கும் கை ஓய்ந்துவிட்டிருந்தது. நான் சோம்பேறித்தனம் என்றேன். படிப்பு ஏறவில்லை போல என்றேன். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. "ஸ்டெல்லா, தூங்கிக்கினே போய்ட்டா நல்லாருக்கும்னு சொல்லுதுடி" என்றாள்.

மாமி போனை வாங்கினாள். "நீ ஒடனே கெளம்பி வாடி. அடையார்ல ஒரு டாக்டர் இருக்கா, மனசுக்குப் பார்க்கறவ. எங்காத்துப் பொண்ணையே நான் அங்க அழைச்சுண்டு போயிருக்கேன். வெட்கப்படறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றாள். பெரிய மிஸ்ஸிடம் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மை டாட்டர் ஸ்லீப்பிங், நோ வேக் அப் என்றேன். ரெஜி செத்துப்போய்விட்டாள் என்று நினைத்து மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவள் விடவில்லை. லில்லி வந்துதான் சரிசெய்தாள். மூன்று மாதம் போய்விட்டு வா, உன் வேலை இருக்கும் என்றாள் மிஸ்.

வீட்டுக்குள் நான் நுழைந்தபோது ரெஜி சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற பிள்ளை கேட்ட முதல் வார்த்தை, "எப்ப போற?"

வழக்கமாகச் சொல்கிற பொய் வாய் வரைக்கும் வந்தது. அக்காவும் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கண் ஜாடை காட்டினாள். என்னால் முடியவில்லை. மூன்று மாதம் என்றேன். ரெஜி சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போக ஐந்து நாள் ஆயிற்று. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா என்று அக்கா அழுதாள், நாளைக்கு யார் கட்டுவான் என்றாள். ரெஜி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நான் முதலில் வாசலைத் தாண்ட வேண்டும், அவள் பின்னால் வருவாள். ஆட்டோவிலும் என்னை முதலில் ஏறச் சொன்னாள். ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். ரெஜியிடம் கொஞ்சம் பேசிவிட்டு, அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும், நீ ஐந்து நிமிஷம் வெளியே உட்காருகிறாயா என்று கேட்டாள். ரெஜி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் வெளுத்துப்போயிற்று.

"நான் வெளிய போவ மாட்டேன். அம்மாவ வெளிய அனுப்புங்கோ" என்றாள்.

அறைக்கு இருந்தது ஒரே கதவு. நான் எங்கேயும் போயிருக்க முடியாது. ஆனாலும் அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. டி. நகர், கொட்டிவாக்கம், ஞானோபதேசம். அவள் வெளியே போய்த் திரும்பின போதெல்லாம் வீட்டில் நான் இல்லை. நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். நான் எழுந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். அவளுக்கு என் கால் தெரியும்படி உட்கார்ந்தேன்.

பிறகு ரெஜி இருக்கும்போதே டாக்டரம்மா என்னிடம் கேட்டாள். சின்ன வயசில் நீங்கள் போனபோது அழுதாளா என்றாள். "இல்ல டாக்டர். ஒரு தபாகூட அழ விடல. தெரியாமதான் போவேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். திட்டவில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை, நோய், இதற்கு மாத்திரை இருக்கிறது, வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும் என்றாள். சின்னதில் தாயைத் தேடிக் கிடைக்காமல் போன பிள்ளைகளில் சிலருக்கு இந்த வயசில் இப்படி வரும், எல்லோருக்கும் வராது, வந்தால் விட்டுவிடக் கூடாது என்றாள். அவள் அப்பா செத்துப்போனதும் இதில் சேரும் என்றாள். அப்புறம் ஒரு வேலை கொடுத்தாள். நான் வெளியே போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். முதலில் பத்து நிமிஷம். பிறகு அவள் போவாள். அவள் திரும்பும்போது நான் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கேட்க லேசாக இருக்கும். முதல் நாள் உப்பு வாங்கப் போனேன். பத்து நிமிஷம் என்று சொல்லி எட்டு நிமிஷத்தில் ஓடி வந்தேன். ரெஜி படுத்திருந்தாள், ஆனால் வாசல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு நாள் மண்ணெண்ணெய்க் கடையில் வரிசை நகரவில்லை. அரை மணி என்று சொன்னது முக்கால் மணி ஆயிற்று. வந்தபோது அவள் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்திருந்தாள். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மறுபடி பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தோம். மே மாதம் ஒரு நாள் அவளே எழுந்து, பம்பு வரைக்கும் போய்வருகிறேன் என்றாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்தேன். போனாள், வந்தாள், என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் சந்து முனை. அடுத்த வாரம் கோயில் கேட். நான் படியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். பம்படியில் பெண்கள், "இன்னா ஸ்டெல்லா, வாட்ச்மேன் வேல கெட்ச்சிருச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அக்காதான் ஓடிப்போய் இறக்குவாள். அவள் மெதுவாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நான்தான இட்டுக்கினு போனேன், ஒவ்வொரு தபாவும்" என்றாள். அனுப்பினது நான் என்றேன்.

ஊரிலேயே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். மாமா ரிட்டயர் ஆகிவிட்டார். மாத்திரை, பள்ளிக்கூடம், வீடு எல்லாம் இந்த வேலையில்தான் நடக்கிறது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். முடிவு உங்களுடையது, ஆனால் போனால் இந்தத் தடவை அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வருகிற நாளையும் சொல்லுங்கள், அந்த நாளில் வாருங்கள் என்றாள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே ரெஜியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போவேன். கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்னால் வருவேன். இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை. அக்கா பயந்துபோய்விட்டாள். தேறி வந்த பிள்ளையைத் திரும்பப் படுக்க வைக்கிறாய் என்றாள். ரெஜி அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்து, எந்த விமானம், எத்தனை மணி நேரம், இறங்கியதும் போன் செய்வாயா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.

அந்த ஞாயிறு ஆட்டோ எங்கள் வாசலுக்கே வந்தது. அடுத்த தெருவில் நிற்கச் சொல்லவில்லை. பெட்டியை நானே வெளியே எடுத்து வைத்தேன். சந்தே கூடியிருந்தது. ரெஜி காலையிலேயே தலை வாரியிருந்தாள். நான் அவள் முன்னால் நின்று, போகிறேன் ரெஜி, கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்னால் வந்துவிடுவேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் ஆட்டோவில் ஒரு கால் வைத்தேன். அப்போதுதான் அவள் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பதின்மூன்று வயசுப் பெண், என் தோளுக்கு வளர்ந்தவள், நடுச்சந்தில் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

"போவாதமா. போவாதமா."

எட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் அவள் என்னிடம் சொன்னாள். சொல்ல நாங்கள் அதுவரை இடமே கொடுக்கவில்லை. பம்படியில் ஒருத்தி, இப்படிப் பிள்ளையைக் கதற விட்டுவிட்டுப் போகிறாளே, சொல்லாமல் போயிருக்கலாமே என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். ரெஜி அழுது முடிகிற வரைக்கும் நின்றேன். முடியவில்லை. நேரம் ஆயிற்று. அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அக்கா கையில் கொடுத்தேன். ஆட்டோவில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சந்து திரும்புகிற வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அவளும் பார்த்தாள்.

மறுநாள் ரெஜி பள்ளிக்கூடம் போகவில்லை, ஆனால் சோறு தின்றாள் என்று மாமி போனில் சொன்னாள். அந்த மாதம் மோசமாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் வாரத்துக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் போனாள். இப்போது நாலு நாள். மாத்திரை நடக்கிறது. அக்காதான் அடையாறுக்குக் கூட்டிப் போகிறாள். டாக்டரம்மாவிடம் அக்காவே வாயாடுகிறாளாம். சுகமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் பொய்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே கடைத்தெருவில் இருக்கும் போன் பெட்டியிலிருந்து மாமி வீட்டுக்குக் கூப்பிட்டேன். ரெஜிதான் எடுத்தாள். பெரிம்மாவோடு டி. நகர் போய்வந்ததாகச் சொன்னாள். புடவை மூட்டை கொடுக்க, தானேதான் வருகிறேன் என்று சொன்னாளாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒரே கூட்டம். தீபாவளி வருதுல்ல" என்றாள். அப்புறம், "நீ அங்க கீறன்னு தெரியும்மா. ஆனாலும் ஊட்டுக்கு வந்ததும் ஒரு தபா பின்னாடி போயி பாத்தேன். சும்மா" என்றாள்.

அவளே கேட்டாள்.

"இன்னும் எத்தினி நாளுமா?"

"அறுபத்தொண்ணு."

"கரீட்டு" என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாள். நாளைக்கு ஸ்கூல் கீது, வெக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். கதவைத் திறந்துகொண்டு வந்தேன். அக்டோபர் முடியப்போகிறது, காற்று இன்னும் சூடாகத்தான் இருந்தது. ரெஜி இந்நேரம் மாமி வீட்டுப் படி இறங்கி, கச்சேரி ரோட்டில் சாந்தோம் பக்கம் திரும்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். இருபது அடி போன பிறகுதான் தெரிந்தது, நான் இடது பக்கம் வந்துவிட்டேன். மாமி வீட்டிலிருந்து எங்கள் சந்துக்குத்தான் இடது பக்கம் திரும்ப வேண்டும். இங்கே என் அறை வலது பக்கம். எதிரே பெரிய பாறை மலையும் அதன்மேல் ஒரு விளக்கும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன்.